பிள்ளை இனி உங்கள் வரிக் கணக்கில் இல்லையா? டபிள்யூ-4 படிவத்தை உடனே மாற்றுங்கள்

இந்த ஏப்ரல் முதல் வாரம் எங்கள் 2025ஆம் ஆண்டு வருமான வரிக் கணக்கை முடித்தபோது, 1,800 டாலர் கட்ட வேண்டும் என்று வந்தது. முந்தைய ஆண்டு 2,700 டாலர் திரும்பக் கிடைத்த குடும்பம் இது. நியூ ஜெர்சியில் நானும் கணவரும் அதே வேலையில் இருக்கிறோம். சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. எங்கே தவறு என்று மூன்று இரவுகள் தேடினேன். விடை வீட்டிலேயே இருந்தது. மகள் மே மாதம் பட்டம் முடித்து ஜூன் முதல் வாரம் வேலைக்காகச் சிகாகோ போய்விட்டாள். மகனுக்கு நவம்பரில் 17 வயது முடிந்தது. இரண்டும் எங்களுக்கு மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் கணவரின் அலுவலகத்தில் இருந்த டபிள்யூ-4 படிவத்தில் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குச் சொல்லும் படிவம்) அவர்கள் இருவரும் இன்னும் பழையபடியே இருந்தார்கள். அதை நம்பி, சம்பளத்தில் பிடிக்க வேண்டிய வரியைக் குறைத்தே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை வளர்ந்துவிட்டதை அலுவலகமோ வரித்துறையான ஐஆர்எஸ்ஸோ தானாகக் கண்டுபிடித்துப் படிவத்தை மாற்றாது. நீங்கள்தான் மாற்ற வேண்டும். செலவு ஒரு காசு இல்லை; அரை மணி நேரம் போதும்.

1. பிள்ளை எந்த வயதைத் தாண்டுகிறது?

நம் வீடுகளில் பெரும் குழப்பம் இங்கேதான். விசா விவகாரத்தில் 21 வயது வரை பிள்ளை. பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை பிள்ளை. வரிக்கு இவை இரண்டுமே பொருந்தாது. வரிக்கு வேறு கோடுகள் இருக்கின்றன.

முதல் கோடு 17. டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு 17 வயது நிறைந்திருந்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் சைல்டு டாக்ஸ் கிரெடிட், அதாவது பிள்ளைக்காக வரியிலிருந்து கழியும் சலுகை, கிடையாது. பிறந்த நாள் ஜனவரியில் வந்தாலும் டிசம்பர் 31 அன்றே வந்தாலும் கணக்கு ஒன்றுதான். 'பத்து மாதம் பதினாறு வயதுதானே, அந்தப் பங்காவது கிடைக்கும்' என்று நான் நினைத்திருந்தேன். பங்கு என்ற பேச்சே இல்லை. 2025 முதல் ஒரு பிள்ளைக்கு 2,200 டாலராக இருக்கும் இந்தச் சலுகை, 17 ஆகும் ஆண்டில் 500 டாலராகச் சுருங்கும். அந்த 500 'மற்ற சார்ந்திருப்போருக்கான' சலுகை.

இரண்டாம் கோடு 19. படிக்காத பிள்ளையை உங்களைச் சார்ந்தவராகக் காட்ட, ஆண்டின் கடைசி நாளில் அது 19 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

மூன்றாம் கோடு 24. முழுநேர மாணவர் என்றால் ஆண்டின் கடைசி நாளில் 24 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த ஆண்டில் ஐந்து மாதங்களின் ஏதாவது ஒரு பகுதியிலாவது முழுநேரம் படித்திருந்தால் மாணவர் கணக்குதான். மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், அதற்குப் பதிலாக ஐஆர்எஸ் தரும் ஐடின் எண் மட்டும் இருந்தால், 2,200 டாலர் சலுகை முதலிலிருந்தே கிடையாது, 500 மட்டுமே. அத்தகைய குடும்பத்துக்கு 17ஆம் வயதில் எதுவும் மாறாது. அப்படி இருந்தும் படிவத்தில் 2,000 அல்லது 2,200 என்று எழுதியிருந்தால், ஒவ்வோர் ஆண்டும் பிடித்தம் குறைந்துகொண்டிருக்கிறது. அதை இன்றே திருத்துங்கள்.

2. பட்டம் முடிக்கும் ஆண்டா? நாட்களை எண்ணுங்கள்

எங்களைச் சறுக்கவைத்த இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகள் ஜனவரி முதல் மே வரை படித்தாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது, வயது 22, ஆகவே அந்த ஆண்டும் அவள் எங்கள் கணக்கில்தான் என்று இருந்துவிட்டோம். வயதும் படிப்பும் போதாது. இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் பிள்ளை உங்களோடு வாழ்ந்திருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் இருந்த நாட்களைத் தற்காலிகப் பிரிவு என்று கருதி, வீட்டில் இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேலை கிடைத்துத் தனி வீடு எடுத்துக்கொண்டு போவது தற்காலிகப் பிரிவு ஆகாது. ஜூன் முதல் வாரத்தில் கிளம்பிய எங்கள் மகளுக்கு 160 நாட்கள்கூடத் தேறவில்லை. அதே பெண் கோடைக்காலம் முழுவதும் வீட்டில் இருந்துவிட்டு ஆகஸ்டில் போயிருந்தால், இந்த நிபந்தனை நிறைவேறியிருக்கும்.

இரண்டு, பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கவனியுங்கள், கேள்வி அவள் எவ்வளவு சம்பாதித்தாள் என்பதல்ல; தன் சாப்பாடு, வாடகை, படிப்பு, மருத்துவம் இவற்றுக்குத் தன் பணத்தில் எவ்வளவு செலவழித்தாள் என்பதே. சம்பாதித்ததை அப்படியே வங்கியில் போட்டுவைத்தால் அது இந்தக் கணக்கில் வராது.

24 வயதைத் தாண்டிய பிள்ளை வேலையின்றி உங்கள் ஆதரவில் இருந்தால், வேறொரு பிரிவின் கீழ் 500 டாலர் சலுகை கிடைக்கலாம். அதற்குப் பிள்ளையின் மொத்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025க்கு அந்த வரம்பு 5,200 டாலர். செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும்.

பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிள்ளை தன் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, 'வேறொருவர் உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்ட முடியுமா' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்பதும் நீங்கள் காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இரண்டாவதாகத் தாக்கல் செய்பவரின் கணக்கு நிராகரிக்கப்படலாம்.

3. எவ்வளவு பணம் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

17 ஆகும் பிள்ளையால் 1,700 டாலர் குறைகிறது. அடுத்து, கணக்கைவிட்டு முழுமையாக விலகும் பிள்ளையால் 500 டாலர். இவை வெளிப்படையானவை.

மறைந்திருப்பது கல்லூரிச் செலவுக்கான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட். ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர். ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள் மட்டுமே. நான்கு ஆண்டுப் படிப்பு ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிவதால், அது ஐந்து காலண்டர் ஆண்டுகளில் பரவிவிடுகிறது! 2021 முதல் 2024 வரை நாங்கள் நான்கு முறை வாங்கிவிட்டோம். ஐந்தாம் ஆண்டான 2025இல் அது இல்லை. எங்களுக்கு ஆண்டுதோறும் வந்த ரீஃபண்ட் பெரும்பாலும் இந்தப் பணம்தான் என்பது, அது நின்ற பிறகுதான் புரிந்தது. கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியின் வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் இந்தச் சலுகை குறையத் தொடங்கி, 1,80,000இல் முற்றிலும் நின்றுவிடும்; அந்த வருமானத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு இந்த இழப்பு கிடையாது.

பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாயோ தந்தையோ இதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். உங்களுக்கு விழும் அடி எங்களுடையதைவிடப் பெரிது. கடைசிப் பிள்ளையும் கணக்கைவிட்டு விலகும் ஆண்டில், 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' (குடும்பத் தலைவர்) என்ற தாக்கல் நிலையையும் இழக்க நேரிடும். 2026க்கு அந்த நிலையில் நிலையான கழிவு (வருமானத்தில் வரியில்லாமல் கழியும் தொகை) 24,150 டாலர். தனிநபர் நிலையில் 16,100. வரி விகிதப் படிகளும் தனிநபருக்குக் குறுகியவை. 90,000 டாலர் சம்பளத்தை மட்டும் வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு: முதல் நிலையில் வரி 7,548 டாலர், தனிநபர் நிலையில் 10,970 டாலர். வித்தியாசம் 3,422. பிள்ளைக்கான 500உம் போவதால் மொத்தம் 3,922 டாலர். படிவத்தை மாற்றாமல் ஆண்டு முழுவதும் விட்டால், இவ்வளவும் ஏப்ரலில் ஒரே தொகையாக வந்து நிற்கும்.

உங்கள் பெற்றோர் கிரீன் கார்டு பெற்று இங்கேயே வசித்து, அவர்களுடைய வருமானம் மேலே சொன்ன மொத்த வருமான வரம்புக்குள் இருந்து, செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொண்டால், அவர்களைக் காட்டி இந்த நிலையைத் தக்கவைக்க வழி உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ வாழும், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பெற்றோரைக் காட்ட முடியாது. மாதாமாதம் எவ்வளவு அனுப்பினாலும் முடியாது.

4. எடுத்துவைக்க வேண்டியவை

- உங்களுடையதும் துணைவருடையதுமான கடைசிச் சம்பளச் சீட்டுகள். ஆண்டு தொடக்கத்திலிருந்து பிடித்த கூட்டாட்சி வரியின் மொத்தம் அதில் இருக்க வேண்டும்.
- சென்ற ஆண்டின் 1040 படிவம், அதாவது தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு. 19ஆம் வரியில் பிள்ளைகளுக்கான சலுகை, 24ஆம் வரியில் மொத்த வரி, 25(டி)யில் மொத்தப் பிடித்தம்.
- இப்போது அலுவலகத்தில் இருக்கும் டபிள்யூ-4 நகல், இருவருடையதும்.
- வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, வாடகை என்று வேறு வருமானம் இருந்தால் அதன் தோராயத் தொகை. இந்திய வங்கி வைப்புகளின் வட்டியும் இங்கே வரிக்கு உட்பட்டதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதைத்தான் பலர் தேடுவதில்லை. அலுவலகத்தின் சம்பள இணையதளத்தில் வரிப் பகுதியில் இருக்கும். இல்லையென்றால் சம்பளப் பிரிவில் கேளுங்கள். 2020இல் படிவம் அடியோடு மாறியது. அதற்கு முன் சேர்ந்து, அதன்பின் புதிய படிவம் கொடுக்காதவர்களுக்குப் பழைய 'அலவன்ஸ்' எண்ணிக்கையை வைத்தே இன்றும் பிடிக்கிறார்கள். ஒவ்வோர் அலவன்ஸும் ஆண்டுச் சம்பளத்தில் 4,300 டாலரைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடும். என் படிவம் 2016இல் எழுதியது. எத்தனை அலவன்ஸ் போட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. பார்த்தால் 2 என்று இருந்தது.

5. ஐஆர்எஸ்ஸின் கணிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள்

ஐஆர்எஸ் இணையதளத்தில் 'டாக்ஸ் வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டர்' என்ற கருவி இலவசமாக இருக்கிறது. பெயரோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்காது. கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அப்படிக் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது ஐஆர்எஸ்ஸின் கருவி அல்ல, மூடிவிடுங்கள். முகவரியில் உள்ள தளப் பெயர் ஐஆர்எஸ் டாட் ஜிஓவி என்று முடிகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் உள்ள எண்களை இட்டால், ஆண்டு முடிவில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் அல்லது திரும்ப வரும் என்று சொல்லும். புதிய படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்றும் சொல்லும். பிள்ளையின் வயதைக் கேட்கும் இடத்தில் இன்றைய வயதை எழுதாமல் டிசம்பர் 31 அன்று இருக்கும் வயதை எழுதுங்கள்.

சம்பளம் எத்தனை முறை வருகிறது என்ற கேள்வியில் அவசரப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26 சம்பளம். மாதம் இருமுறை, அதாவது 15ஆம் தேதியும் மாதக் கடைசியும் என்றால் 24. பேச்சில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

6. படிவத்தை நிரப்புங்கள்

நடப்பு ஆண்டின் படிவத்தையே எடுங்கள். 2026 படிவத்தில் பிள்ளைக்கு 2,200 டாலர். பழைய படிவங்களில் 2,000.

படி 1: பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், தாக்கல் நிலை. தனியாகப் பிள்ளை வளர்த்தவர்கள் மாற்ற வேண்டிய கட்டம் இங்கே இருக்கிறது.

படி 2: கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் மட்டும். இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், 2(சி) கட்டத்தை இருவருடைய படிவத்திலும் குறியிடுங்கள். ஒருவர் மட்டும் குறியிட்டால் பயன் பாதிதான். குறைந்த சம்பளம் அதிக சம்பளத்தில் பாதிக்கும் கீழே என்றால் இந்தக் கட்டம் தேவைக்கு மேல் பிடிக்கும். அப்போது படிவத்தின் 3ஆம் பக்கப் பணித்தாளையோ மேலே சொன்ன கருவியையோ நம்புங்கள்.

படி 3: நம் விஷயத்தின் மையம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை 2,200ஆல் பெருக்குங்கள். மற்ற சார்ந்திருப்போரை 500ஆல் பெருக்குங்கள். கூட்டி எழுதுங்கள். எங்கள் பழைய படிவத்தில் மகனுக்கு 2,000, மகளுக்கு 500, ஆக 2,500 என்று இருந்தது. இப்போது மகனுக்கு 500 மட்டும். சலுகையை முழுதாகக் கோர வருமானம் 2,00,000 டாலருக்குள்ளும், கூட்டாகத் தாக்கல் செய்தால் 4,00,000க்குள்ளும் இருக்க வேண்டும்.

கணவன் படிவத்திலும் மனைவி படிவத்திலும் அதே பிள்ளைகளை எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களில் அப்படி இருந்தது. பிள்ளை ஒன்று, சலுகை ஒன்று. ஆனால் இரண்டு அலுவலகங்களும் குறைத்துப் பிடிக்கும். அதிகச் சம்பளம் வாங்குபவர் படிவத்தில் மட்டும் படி 3ஐ நிரப்புங்கள். மற்றவருடையதில் அதை வெறுமையாக விடுங்கள்.

படி 4: (ஏ) வேறு வருமானம், (பி) கழிவுகள். இரண்டும் ஆண்டுத் தொகை. (சி) மட்டும் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகை. ஆண்டுக்கு 700 டாலர் கூடுதலாகப் பிடிக்க நினைத்து 4(சி)யில் 700 என்று எழுதினால், அடுத்த சம்பளத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் 700 போகும். வாடகை கட்ட வேண்டிய வாரத்தில் இது நேர்ந்தால் எவ்வளவு துன்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

படி 5: கையெழுத்து, தேதி. கையெழுத்தில்லாத படிவம் செல்லாது.

புதிய படிவம் பழையதை முழுமையாக நீக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாறிய கட்டத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தால், முன்பு 4(சி)யில் எழுதியிருந்த கூடுதல் பிடித்தமும் 2(சி) குறியும் மறைந்துபோகும்.

படிவம் ஐஆர்எஸ்ஸுக்குப் போவதில்லை. அலுவலகத்தின் சம்பளப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இணையத்திலேயே மாற்றலாம்.

உங்கள் பிள்ளையும் முதல் வேலையில் இதே படிவத்தை நிரப்பும். படி 3இல் தன்னையே ஒரு நபராக எண்ணி 500 எழுதிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்தக் கட்டம் தன்னைச் சார்ந்திருப்போருக்கு.

7. கடந்துபோன மாதங்களின் பற்றாக்குறையை நிரப்புங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. படி 3ஐத் திருத்தினால் இனி வரும் சம்பளங்கள் மட்டுமே சரியாகும். ஆண்டு தொடக்கத்திலிருந்து குறைவாகப் பிடித்தது குறைவாகவே நிற்கும்.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். படி 3இல் 2,500லிருந்து 500ஆகக் குறைத்தோம். வித்தியாசம் 2,000 டாலர். 26ஆல் வகுத்தால் ஒரு சம்பளத்துக்கு ஏறத்தாழ 77 டாலர். படிவம் நடைமுறைக்கு வருவதற்குள் 9 சம்பளங்கள் போய்விட்டன. 9 முறை 77 என்றால் 693 டாலர் பற்றாக்குறை. மீதி 17 சம்பளங்களால் வகுத்தால் 41 டாலர். அதைத்தான் கணவரின் 4(சி)யில் எழுதினோம். அவருடைய கையில் வரும் சம்பளம் ஒவ்வொரு முறையும் 118 டாலர் குறைந்தது. முதல் மாதம் உறுத்தியது. குடும்பச் செலவை அதற்கேற்ப மாற்றிக்கொண்டோம்.

ஆண்டின் பிற்பகுதியில் விழித்துக்கொள்பவர்களுக்குச் சுமை கூடும். நவம்பரில் 17 ஆகும் பிள்ளையை அக்டோபரில், 20 சம்பளங்களுக்குப் பிறகு நினைத்தால், 1,700 டாலரில் 1,308 ஏற்கெனவே கைநழுவியிருக்கும். மிஞ்சிய 6 சம்பளங்களில் கூடுதலாக 218 டாலர் வீதம் பிடிக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்கு 17 ஆகும் ஆண்டின் ஜனவரியிலேயே படிவத்தை மாற்றிவிடுங்கள். பிறந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

8. மாநிலப் படிவத்தை மறக்காதீர்கள்

கூட்டாட்சிப் படிவத்தை மாற்றினால் மாநிலப் பிடித்தமும் மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். நியூ ஜெர்சியில் என்ஜே-டபிள்யூ4, நியூ யார்க்கில் ஐடி-2104, கலிபோர்னியாவில் டிஇ 4, இலினாயில் ஐஎல்-டபிள்யூ-4 என்று தனிப் படிவங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் 3.07 சதவிகிதம் ஒரே விகிதம் என்பதால் பிள்ளை எண்ணிக்கை பிடித்தத்தைப் பாதிக்காது. டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. அங்கிருப்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

நியூ ஜெர்சியில் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு 1,500 டாலர் விலக்கு. 22 வயதுக்குக் கீழே முழுநேரம் கல்லூரியில் படித்தால் மேலும் 1,000. இது வரியில் குறையும் தொகை அல்ல, வருமானத்தில் குறையும் தொகை. ஆகவே இழப்பு சிறியதுதான். ஆனாலும் இருவர் சம்பளம் உள்ள வீட்டில், படிவத்தில் உள்ள சம்பள அட்டவணையைப் பார்த்து எழுத வேண்டிய ஆங்கில எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தால் இழப்பு அதைவிடப் பெரிதாகும்; கையோடு அதையும் பாருங்கள்.

9. காலக்கெடுவும் சம்பளச் சீட்டும்

பிடித்தம் போதாமல் போகும்படி நிலைமை மாறினால் 10 நாட்களுக்குள் புதிய படிவம் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாற்றம் அடுத்த ஆண்டைத்தான் பாதிக்கும் என்றால் டிசம்பர் 1க்குள் கொடுக்க வேண்டும்.

கொடுத்ததும் மறுநாளே மாறிவிடாது. படிவம் கிடைத்த 30ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ முடியும் முதல் சம்பளக் காலத்தின் தொடக்கத்துக்குள் அலுவலகம் அதை நடைமுறைப்படுத்தினால் போதும். சில இடங்களில் அடுத்த சம்பளத்திலேயே மாறும். என் கணவருடைய அலுவலகத்தில் ஒரு சம்பளம் பழையபடியே வந்தது. இணையத்தில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று காட்டியதை நம்பி நாங்கள் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. சீட்டைப் பார்த்ததால் தெரிந்தது. முதல் இரண்டு சீட்டுகளில் கூட்டாட்சிப் பிடித்தம் நீங்கள் எதிர்பார்த்த அளவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சமர்ப்பித்த படிவத்தின் நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் செலவுக்கு எச்எஸ்ஏ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பிள்ளை 26 வரை உங்கள் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர் அல்ல என்றாகிவிட்டால், அவருடைய மருத்துவச் செலவுக்கு உங்கள் எச்எஸ்ஏ பணத்தைப் பொதுவாக வரியில்லாமல் எடுக்க முடியாது. மகளின் பல் மருத்துவர் கட்டணத்தை அப்படிக் கட்ட இருந்தேன். கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

10. காலம் கடந்துவிட்டதா?

பயப்படாதீர்கள். ஏப்ரலில் கட்ட வேண்டியது 1,000 டாலருக்குக் குறைவு என்றால், குறைவாகச் செலுத்தியதற்கான அபராதம் இல்லை. அதைத் தாண்டினாலும், இந்த ஆண்டு வரியில் 90 சதவிகிதமோ, சென்ற ஆண்டு வரியில் 100 சதவிகிதமோ செலுத்தியிருந்தால் அபராதம் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 100க்குப் பதில் 110 சதவிகிதம். நாங்கள் 1,800 கட்ட வேண்டியிருந்தும் அபராதத்திலிருந்து தப்பியது இந்த இரண்டாம் வாசல் வழியாகத்தான். முந்தைய ஆண்டில் கல்லூரிச் சலுகையால் எங்கள் மொத்த வரி குறைவாக இருந்தது. 2025இன் பிடித்தம் அதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு அந்த வாசல் அவ்வளவு அகலமாக இருக்காது.

டிசம்பர் நெருங்கிவிட்டால், தனியாகப் பணம் அனுப்புவதைவிட 4(சி) வழியாகச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது நல்லது. சம்பளத்தில் பிடித்த வரியை ஆண்டு முழுவதும் சமமாகச் செலுத்தியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். தனியாக அனுப்பும் காலாண்டுத் தவணைக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றுக்கு ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று தேதிகள் உண்டு. சம்பளம் எதுவும் மிச்சமில்லை என்றால், ஜனவரி 15க்குள் ஐஆர்எஸ்ஸின் டைரக்ட் பே வழியாக வங்கிக் கணக்கிலிருந்து கட்டணமின்றிச் செலுத்தலாம்.

ஏப்ரலில் முழுத் தொகையும் கையில் இல்லையென்றாலும் கணக்கைக் காலத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். தாக்கல் செய்யாததற்கான அபராதம், கட்டாததற்கான அபராதத்தைவிட மிகக் கடுமையானது. 180 நாட்களுக்குள் கட்டி முடிக்கும் குறுகிய காலத் திட்டத்துக்குத் தொடக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் வட்டியும் கட்டாததற்கான அபராதமும் கட்டி முடிக்கும் வரை ஓடும்.

11. டிசம்பரில் இன்னொரு படிவம்

பற்றாக்குறைக்காக 4(சி)யில் எழுதிய தொகை அந்த ஆண்டுக்கு மட்டுமே. அதை எடுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் 41 டாலரை நீக்கும் புதிய படிவத்தை, ஆண்டின் கடைசிச் சம்பளத்துக்குப் பின் ஜனவரி முதல் சம்பளத்துக்குள் கொடுக்க வேண்டும். டிசம்பர் 18 என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அன்று படி 3இல் மகனுக்கு 500, 4(சி) வெறுமை. அவன் அடுத்த இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகிறான். அந்த முதல் ஆண்டிலேயே கல்லூரிச் சலுகையின் நான்கு ஆண்டுகளில் ஒன்றைச் செலவழிக்க வேண்டுமா, அதிகக் கட்டணம் கட்டும் ஆண்டுகளுக்கு அதை மிச்சம் வைக்க வேண்டுமா என்பதை இம்முறை முன்கூட்டியே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.